அலுமினியத்தில் ஒட்டாத காந்தம்

காந்தம் முதல் தடவை விழுந்தது என் மாமாவின் ஷூ மேல்தான். தினமும் காலையில் அத்தை பாலிஷ் போட்டு வாசலில் எடுத்து வைக்கும் கறுப்பு ஷூ. அன்று ஒர்க்‌ஷாப்பில் மூன்று கஸ்டமர்கள் நின்றிருந்தார்கள், எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டயல் கேஜை மாமா மரப்பெட்டியிலிருந்து எடுத்தார். அதைத் தாங்கிப் பிடிக்கும் காந்தக் கட்டையை ஒரு புது மாடல் கார் எஞ்சினின் மேல்பாகத்தில் வைத்தார். பக்கத்தில் இருந்த திருகைத் திருப்பி, "இப்போ பாருங்க, கல்லு மாதிரி நிக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தார். அது நிற்கவில்லை. சரிந்து நேராக அவர் இடது காலில் இறங்கியது. ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் கட்டை அது. மாமா கத்தவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. "மேக்னட்ல சார்ஜ் எறங்கிடுச்சு. கப்பல்ல வரும்போது இப்படி ஆகறது சகஜம்" என்றார். அவ்வளவு வலியிலும் பொய் தடங்கலில்லாமல் வந்தது. அவர் யாரென்று நான் அன்றைக்கே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த எஞ்சின் அலுமினியம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் ஆணியையும் குண்டூசியையும் வைத்து விளையாடிய எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். தொண்ணூறுகளில் புதுக் கார்கள் வரும்வரை எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததெல்லாம் வார்ப்பிரும்பு டீசல் எஞ்சின்கள், காந்தம் வைத்த இடத்தில் நின்றது. ஆனால் மாமா ஒர்க்ஸ் மேனேஜர். பழைய கம்பெனி ஒன்று அவரைப் பதினோரு நாள் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அந்தப் பதினோரு நாளை அவர் இருபது வருஷம் வைத்துச் சாப்பிட்டார். டீ ஆறியிருந்தால்கூட, ஜெர்மனியில் இப்படி ஆறாது என்பார். அப்படிப்பட்டவர் தனக்கு இது தெரியவில்லை என்று எப்படிச் சொல்லுவார்? டீலருக்குக் கடிதம் எழுதி வேறு காந்தம் வரவழைத்தார். அதுவும் விழுந்தது. பிறகு இன்னும் பெரியதாக ஒன்று வந்தது. அது விழுந்தபோது, மேலே எண்ணெய் இருக்கிறது, துடைக்கவில்லை என்று எங்களைத் திட்டினார். பெட்ரோல் போட்டு இரண்டு தடவை துடைத்தோம். ஏழெட்டுப் பேரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தும் நான் திறக்கவில்லை, ஏனென்றால் அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான்.

அவர் என் அம்மாவின் தம்பி. நாங்கள் ஆஸ்டின் டவுனில் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த தெருவில் குடியிருந்தோம். நான் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெண்பிள்ளைக்கு மெக்கானிக்கல் எதற்கு என்று கேட்டவர்களே, முடித்த பிறகு வேலை எங்கே என்றும் கேட்டார்கள். மாமா தான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். ஜோகுபாளையத்தில், பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அந்த ஒர்க்‌ஷாப் இருந்தது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஜாப் கார்டு எழுதுவதும் அளவுகளைப் பதிவதும் என் வேலை. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு மாமா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அவருக்குத்தான் முதல் தட்டு. பேசும்போது அவர் கையை வானத்தில் வீசுவார், நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்போம்.

டயல் கேஜ் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சின்னக் கடிகாரம் போன்ற முகம், ஒரு முள், அடியில் ஒரு ஊசி. ஊசி ஒரு மயிரிழை உயர்ந்தாலும் முள் அதைக் காட்டும். எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறி இறங்கும், அதற்கு எதிரே வால்வுகள் திறந்து மூடும். வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டுக்குக் கேம் என்று பெயர். எது எப்போது நடக்க வேண்டும் என்று சரிசெய்வதுதான் கேம் டைமிங். சாதாரண வண்டிக்குக் கம்பெனி போட்ட குறிகளைச் சேர்த்து வைத்தால் போதும். மேல்பாகத்தைச் சீவி, வேகத்துக்காக வேறு கேம் போட்ட எஞ்சினில் அந்தக் குறிகளை நம்ப முடியாது, டயல் கேஜ் வைத்து அளந்துதான் ஆக வேண்டும். தவறினால் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். கேஜ் அசையாமல் நின்றால்தான் முள் சொல்வது அளவு. கேஜே ஆடினால் அது காட்டுவது கேஜின் ஆட்டத்தைத்தான்.

எங்கள் ஃபிட்டருக்கு இது கையோடு வந்த அறிவு. கோலார் தங்கவயல்காரர், என்னைவிட மூன்று நாலு வயது மூத்தவர், என்னை சிஸ்டர் என்பார். மூன்றாவது காந்தமும் விழுந்த வாரம் அவர் கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி எடுத்து வந்தார். அதில் இரண்டு நீளத் துளைகள் போட்டிருந்தார். எஞ்சின் மூடியைப் பிடிக்கும் போல்ட் துளைகளிலேயே அந்தத் தகட்டை வைத்து முடுக்கினார். அலுமினிய மரை சீக்கிரம் பிய்ந்துபோகும் என்பதால் கொஞ்சம் நீளமான போல்ட்டாகப் பார்த்துப் போட்டு, முதலில் விரலால் திருகி, பிறகு ஸ்பேனரால் பதமாக இறுக்கினார். காந்தத்தைத் தகட்டின் மேல் வைத்தார். இரும்பில் காந்தம் கப்பென்று உட்கார்ந்தது. கட்டை விரலால் கேஜைத் தள்ளிப் பார்த்தார், தள்ளியதும் முள் நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்தது. "அவ்ளோதான் சிஸ்டர். இதுக்குப் போய் மூணு மேக்னட்டு" என்றார், அதுவும் என் காதுக்கு மட்டும்.

மாமா அதைப் பார்த்தபோது அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலை நடக்கிறதே என்ற நிம்மதி இல்லை. ஒரு பழைய தகடு தன்னை முட்டாளாக்கிவிட்டது என்ற எரிச்சல்தான் இருந்தது. "என்னய்யா இது, லோக்கல் வேலை? கஸ்டமர் பாத்தா என்ன நெனப்பான்?" என்றார். கஸ்டமர் இல்லாதபோது போட்டுக்கொள், இருக்கும்போது கழற்றிவிடு என்பது அன்றிலிருந்து சட்டமாயிற்று. ஆயுத பூஜைக்குக் கருவிகளை வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சர்ச் கமிட்டியில் இருக்கும் என் மாமா, தன் மரப்பெட்டியைக் கொண்டுவந்து நட்டநடுவில் வைப்பார். ஃபிட்டர் ஓரத்தில் வைத்த தகட்டைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளுவார். ஃபிட்டர் பெஞ்சுக்கு அடியில் குனிந்து அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

குடகிலிருந்து காபித் தோட்டக்காரர் ஒருவர் ராலிப் பந்தயத்துக்கான தன் காரை எங்களிடம் கொடுத்திருந்தார். மேல்பாகம் சீவியது, கேம் புதிது, இரண்டும் சேர்ந்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருந்த இடைவெளி மிகக் குறைந்துபோயிருந்தது. டைமிங் வைக்கும் நாளன்று அவரே பக்கத்தில் வந்து நின்றார். பந்தயக்காரர் நாலு இடத்தில் நம் பெயரைச் சொல்லுவார் என்று மாமா முந்தின வாரமே புது டை வாங்கிக் கட்ட ஆரம்பித்துவிட்டார். ஃபிட்டர் தகட்டைப் பொருத்தி வைத்திருந்தார். மாமா அதைக் கழற்றச் சொன்னார். கழற்றிய பிறகு காந்தம் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டு, "நீ ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோ. அசைக்காதே. ஜெர்மனியில ப்ரிசிஷன் வேலைக்கெல்லாம் லேடீஸ்தான்" என்றார். தோட்டக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சார், கையில புடிச்சா ரீடிங் நிக்காது. பிளேட்டு போட்டுக்கலாம் சார், ரெண்டு நிமிஷம்" என்றார் ஃபிட்டர். மாமா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ கிராங்க்க சுத்து" என்றார். பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்கை ஃபிட்டர் ஸ்பேனர் போட்டுச் சுற்றினார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டால் முள் நகர்ந்தது. மூச்சை அடக்கினால் கைநாடி துடித்து நகர்ந்தது. முதல் தடவை ஓர் எண் வந்தது, இரண்டாம் தடவை வேறு எண். மூன்றாம் தடவை மாமா குனிந்து பார்த்து, கேமோடு வந்த அட்டையில் அச்சடித்திருந்த எண்ணை அப்படியே உரக்கப் படித்தார். முள் அங்கே இல்லை. என் கண்ணுக்கு நேரே, ஒரு ஜாண் தூரத்தில் முள் இருந்தது, அந்த எண்ணில் இல்லை. தோட்டக்காரர் அட்டையைப் பார்த்து, எண் சரியாக வந்துவிட்டதென்று மகிழ்ந்துபோனார். ஃபிட்டர் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "மெதுவா சுத்தறப்போ இடிக்கல. ஸ்பீடுல என்னாகும்னு சொல்ல முடியாது சார்" என்றார். மாமா எஞ்சின் மூடியைப் போடச் சொன்னார். ஜாப் கார்டில் அளந்தவர் என்று ஒரு கட்டம் உண்டு. யார் பெயர் எழுத என்று மாமாவைக் கேட்டேன். "ஃபிட்டர் பேரு போடு, கிராங்க்க சுத்துனது அவன்தானே" என்றார். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.

ஹொஸ்கோட்டை தாண்டி ரோடு காலியாக இருந்த இடத்தில் தோட்டக்காரர் வேகம் எடுத்தபோது வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தன. ஒரு பிஸ்டன் ஓட்டையாகிவிட்டது. லாரிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். பந்தயத்துக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. முதலாளி மறுநாள் காலையில் விசாரிக்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் மாமா ஒரு கிலோ பிளம் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவிடம் மட்டும், "இவ வேலைக்கு நான்தான் கேரண்டி நின்னேன் அக்கா, அத அவ நெனப்புல வெச்சிருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். காலையில் நான் கிளம்பும்போது அம்மா, "மாமா மனசு நோகற மாதிரி ஒண்ணும் பேசிடாதம்மா" என்றாள். நான் அதற்குள் அந்தக் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டிருந்தேன்.

முதலாளி கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். அவர் மேசையில் மாமா அந்தத் தகட்டைக் கொண்டுபோய் வைத்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்தது, பொட்டு அழியாமல் இருந்தது. "இந்தத் தகட்ட வெச்சு அளந்தா எப்படி சார் சரியா வரும்? நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கறான்" என்றார். ஆட்டையைப் போட்டவன் வீட்டுக்காரனைத் திருடன் என்று கைகாட்டுவதைப் போல இருந்தது அது, குரலில் அத்தனை வருத்தம் வேறு. ஃபிட்டர் பதறவில்லை. "சார், அன்னிக்கு பிளேட்டே போடல. சிஸ்டர் கையில புடிச்சிக்கினு இருந்தாங்க. அவங்களையே கேளுங்க" என்றார். என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னார். முதலாளி என் பக்கம் திரும்பி, "நீனு அல்லே இத்யல்லம்மா, ஈ பிளேட் ஹாக்கித்ரா?" என்று கேட்டார். நீ அங்கேதானே இருந்தாய், இந்தத் தகட்டைப் போட்டிருந்தார்களா என்று. நான் ஜாப் கார்டைப் பார்த்தேன். மாமா ஜன்னலைப் பார்த்தார். "ஞாபக இல்லா சார்" என்றேன். நாலு நாளைக்கு முன்னால் நடந்தது ஞாபகம் இல்லையாம் எனக்கு.

ஃபிட்டர் என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு, மதியத்துக்கு முன்னால் கணக்கு முடித்துக்கொண்டு போனார். அளவெடுப்பதில் அலட்சியம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மாமா அவருக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். இரண்டு மாதம் கழித்து மாமாவே வேறொரு லேத் பட்டறையில் அதே மாதிரித் தகடு ஒன்று செய்து நிக்கல் பூசி வாங்கி வந்தார். பளபளவென்று இருந்தது. அதற்கு ஜெர்மன் அடாப்டர் என்று பெயர். கஸ்டமர் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார், அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது என்று பாடம் வேறு நடத்துவார். நான் பக்கத்தில் நின்று ஜாப் கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். இப்படி இன்னும் இரண்டு வருஷம் எழுதினேன். அவரை நான் வெறுத்தேன், அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் அவர் கோழை என்று தெரிந்தும் அவருக்குப் பயந்தவளை என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பிறகு நான் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஃபிட்டர் வேலைக்கு வந்த மனுக்களில் அவருடையதும் இருந்தது. கூடவே மாமாவின் அந்தக் கடிதம். அதை மறைக்காமல் இணைத்திருந்தார். நடுவில் இருந்த வருஷங்களில் அபார்ட்மெண்ட் ஜெனரேட்டர்களையும் தண்ணீர் மோட்டார்களையும் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தது. எந்த எஞ்சின் ஒர்க்‌ஷாப்பும் அவரை எடுக்கவில்லை. ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு, நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள், இந்த விஷயம் என்ன என்று கேட்டார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டு, ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அன்றைய பதிவு, அளவெடுத்த முறையைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை, பிழைக்கு ஃபிட்டர் பொறுப்பல்ல என்று. ஆபீசருக்கு அது போதுமானதாக இருந்தது. வேலை கொடுக்க முடிவானது. ஆர்டர் தபாலில் போயிருக்கும். ஆனாலும் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், வேறு எதற்குமில்லை.

ஹெப்பகோடியில் ஒரு மாடிப் போர்ஷன். ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் தலையில் பாதி நரைத்திருந்தது. "வாங்க சிஸ்டர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், ஆனால் உடனே, "என்ன எழுதிக் குடுத்தீங்க?" என்று கேட்டார். கையோடு கொண்டுபோயிருந்த நகலைக் கொடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "இதுல யாரு என்ன பண்ணாங்கன்னே இல்லியே சிஸ்டர்" என்றார். கோபமாக இல்லை, ஒரு பாகத்தில் குறை கண்டால் சொல்லுவாரே, அந்தக் குரல்தான். "ஆபீசுக்கு இது போதும். சும்மா ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் குடுங்க, இவ படிக்கணும். இத்தினி வருஷமா நான்தான் தப்பு பண்ணேன்னு நெனச்சிக்கினு இருக்கா. எவ்ளோ சொல்லியும் நம்பல. கூட இருந்த பொண்ணே வாயத் தொறக்கலியே, அப்ப உன் மேலதான் தப்புன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்றது?"

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ஆங்கிலத்தில் எழுதியது எல்லாம் எனக்கு மனப்பாடம், அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒரு வாக்கியமும் வரவில்லை. இந்த இரண்டு பேரும் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்ததும், பிரதிபலிக்கவில்லை என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: "அன்று தகடு போடவில்லை. கேஜை நான்தான் கையில் பிடித்திருந்தேன். முள் நிற்கவில்லை. என் மாமா பொய்யான எண்ணைச் சொன்னார், நான் உங்கள் கணவர் பெயரைப் போட்டு எழுதினேன். முதலாளி கேட்டபோது ஞாபகம் இல்லை என்று பொய் சொன்னேன்." கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மனைவி நின்றபடியே படித்தாள். படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு தன் கணவரை ஒரு தடவை பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அவள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் கேட்டாள்:

"உங்க மாமா இருக்காரா?"

"இருக்காரு. ரிடையர் ஆகிட்டாரு."

"அவரு வூட்டுக்கு நீங்க போறது வர்றது உண்டா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "கிறிஸ்துமஸுக்குப் போவேன்" என்றேன்.

அவள், நான் பாதி குடித்து வைத்திருந்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.